புறோமல்காம்ப் குடும்பத்தின் கடல்

புறோமல்காம்ப் குடும்பத்தின் இரத்தத்தில் ஐம்பது ஆண்டுகளாக உப்புத் தண்ணீர் ஓடுகிறது. கடல் அவர்களை அழைத்தது. அவர்கள் பலகை செய்து பதில் சொன்னார்கள். அலைப் பலகைகளின் வரலாற்றை இனி எவர் எழுதினாலும் முதல் அத்தியாயத்தை வெஸ்ற்பாலியாவின் இந்தச் சிறிய ஊரிலிருந்துதான் தொடங்கவேண்டியிருக்கும்.

1988ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் இங்கெபோர்க் புறோமல்காம்ப் அம்மையார் தன் கணவன் குடும்பத்துக் கம்பனியின் பொன்விழா மலரை இப்படித்தான் தட்டச்சில் தொடங்கினார். அந்த ஊரிலிருந்து கடல் இருநூற்றைம்பது கிலோமீற்றர் தூரத்தில் இருந்தது. கம்பனி முதல் முப்பத்தாறு வருடமும் செய்தது பன்றிக்குத் தீனி வைக்கும் தொட்டி. முதலில் மரத்தில் செய்தார்கள், பிறகு சீமெந்தில், கடைசியில் கண்ணாடி நாரில். நடுவில் வந்த யுத்த காலத்தை அம்மையார் ஒரே வரியில் கடந்துவிட்டார்: 'கடினமான ஆண்டுகள்.'

மலரின் பதினோராம் பக்கத்தில் சிற்றம்பலம் வரவிருந்தான்.

சிற்றம்பலம் எண்பத்துமூன்று ஆடிக்குப் பிறகு கிழக்கு பேர்லின் வழியாக வந்து சேர்ந்தவன். நீர்வேலியில் காணி உறுதி எழுதும் நொத்தாரிசு சின்னையாவின் மூத்த மகன். ஊரில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் புடைவைப் பகுதிக்கு அவன்தான் கிளார்க். சீத்தை, சாரம், வேட்டி என்று வரும் கட்டுகளை மேசையில் விரித்து உள்ளங்கையால் தடவுவான். நூல் விட்ட இடம், முடிச்சு விழுந்த இடம் எல்லாம் கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும். பழுதான கட்டைத் திருப்பி அனுப்புவான். கடலுக்கும் அவனுக்கும் வருடத்தில் ஒருநாள்தான் தொடர்பு. ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போவான். அங்கேயும் கேணியின் மேல்படியில் நின்று செம்பால் அள்ளித் தலையில் வார்த்துக்கொண்டு திரும்பிவிடுவான்.

அப்படிப்பட்டவன் மீனவன் மகனானது எண்பத்தைந்தில். அகதிகள் இரண்டு வருடம் வேலை செய்யக்கூடாது என்ற தடை முடிந்த முதல் கிழமை, ஹைம் என்ற அகதி விடுதியில் சுவரைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், பட்டறைக் கதவில் போய் நின்றான். முதலாளி ஹோர்ஸ்ற் புறோமல்காம்ப் வெளியே வந்தார். அகதிகளோடு கதைக்கும்போது ஜெர்மன்காரர் வினைச்சொற்களை வீட்டில் விட்டுவிட்டு வருவார்கள். ஹோர்ஸ்ற்றும் அப்படித்தான்.

"நீ சிலோன்?"

"யா."

"சிலோன் கடல். நிறையக் கடல்."

"யா."

"உன் அப்பா படகு? மீன்?"

சிற்றம்பலம் அவருடைய முகத்தைப் பார்த்தான். மனிதர் ஆசையோடு நின்றார். எதிரே நிற்பவர் ஓம் என்ற பதிலை எதிர்பார்க்கிறார் என்று தெரிந்த பிறகு இல்லை என்று சொல்லி அவரை நோகடிப்பது நீர்வேலியில் வழக்கமில்லை. சங்கத்தில் தலைவர் வந்து 'விற்பனை நல்லாத்தானே போகுது' என்று கேட்டால் வெறும் தட்டுகளுக்கு முன்னால் நின்று ஓம் என்று சொன்னவன் அவன்.

"யா," என்றான்.

அடுத்தநாள் வேலை தொடங்கியது. வெள்ளை நுரைக்கட்டியை அலைப் பலகை வடிவத்தில் அறுத்து, அதன்மேல் கண்ணாடி நார்ப் பாயை விரித்து, நாறும் பிசினை உருளையால் ஊட்டி, காய்ந்ததும் தேய்க்கவேண்டும். தேய்ப்பு சிற்றம்பலத்துக்கு. கண்ணாடித் தூசி கழுத்திலும் கைமடிப்பிலும் ஏறிக் கடிக்கும். குளிர்தண்ணீரில் கழுவினால் கொஞ்சம் அடங்கும், வெந்நீர் பட்டால் உயிர் போகும். இரண்டு மாதத்தில் பிசின் மணம் மூக்கைத் தின்றுவிட்டது. மனைவி புஷ்பராணி ஊரிலிருந்து வந்து சேர்ந்து முதல்நாள் வைத்த குழம்பை, ஒரு மணமும் இல்லையே என்று சொல்லிவிட்டு அவன் மூன்று நாள் சமாதானம் பண்ணவேண்டியிருந்தது.

ஆனால் கை வேலை செய்தது. தேய்த்த பலகையின்மேல் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை ஓட்டுவான். ஓரிடத்தில் நிறுத்துவான். அங்கே தலைமயிர் அளவு பள்ளம் இருக்கும். ஹோர்ஸ்ற் வாடிக்கையாளரைக் கூட்டிவந்து காட்டினார். "பாருங்கள், கடல் இவன் கையில் இருக்கிறது. பரம்பரை." கையில் இருந்தது கூட்டுறவுச் சங்கத்துச் சீத்தைத் துணி. அதை அவன் யாருக்கும் சொல்லவில்லை.

ஆனி மாதம் ஒருநாள் இங்கெபோர்க் அம்மையார் அவனைக் கந்தோருக்குக் கூப்பிட்டார். மேசையில் கோப்பியும் பிளம்ஸ் கேக்கும் இருந்தன. அம்மையாருக்கு வினைச்சொற்கள் உண்டு. ஆபத்தும் அங்கேதான் இருந்தது.

"புயல் வருவதைக் கண்டால் உங்கள் தந்தை என்ன சொல்லுவார்?"

சிற்றம்பலம் யோசித்தான். நொத்தாரிசு சின்னையாவுக்குக் காற்றென்றால் பயம். காணி உறுதிக் கட்டுகள் பறந்துவிடும்.

"கதவைச் சாத்து என்று சொல்லுவார்."

அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். பிறகு வேகமாக எழுதினார். அவர் எழுதியதை ஒரு கிழமை கழித்து அச்சில் வாசித்தபோது அது இப்படி இருந்தது: 'இயற்கையின் சீற்றத்துக்கு முன் தன் ஆசையின் கதவைச் சாத்தத் தெரிந்த ஒரு கடலோடியின் ஞானம்.'

அன்று கோப்பிக் கோப்பையைக் கழுவக் கொண்டுபோகும்போது ஹோர்ஸ்ற் வழிமறித்தார். முகம் நிறையச் சந்தோசம்.

"நீ கவலை வேண்டாம். வேலை அனுமதி. நான் கடிதம் ஆம்ற்றுக்கு. நீ மீனவன் மகன். ஜெர்மனியில் இப்படி ஆள் இல்லை. விழா அடுத்த மாதம் சனி, உன் ரெர்மின் பிறகு செவ்வாய். விழா பிறகு கடிதம். நல்லது?"

ஆம்ற்றுக் கந்தோரில் குறித்துத் தந்த நேரம்தான் ரெர்மின்; அதற்குக் கொண்டுபோகவேண்டிய அந்தக் கடிதத்துக்குத்தான் சிற்றம்பலம் காத்திருந்தான். அவனுடைய அகதி விண்ணப்பம் ஒருமுறை தள்ளுபடியாகியிருந்தது. தங்கவும் வேலை செய்யவும் மூன்று மாதம் மூன்று மாதமாகத்தான் தாள் நீட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த வேலைக்கு ஜெர்மன்காரர் எவரும் இல்லை என்று முதலாளி எழுதித் தந்தால்தான் வேலை அனுமதியும், அதோடு சேர்ந்து தங்கும் அனுமதியும் என்று அதிகாரி விரலால் மேசையைத் தட்டிச் சொல்லியிருந்தார்.

"யா," என்றான் சிற்றம்பலம்.

ஹைமில் மூன்று குடும்பத்துக்கு ஒரு குசினி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுப்பு புஷ்பராணியின் முறை. கேக் போடுகிறவர்களுக்கென்று கடையில் விற்கும் காய்ந்த தேங்காய்ப்பூவைப் பாலில் ஊறவைத்துப் பிழிந்து அவள் குழம்புக்கு விட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து அறை அம்புறோஸ் இரண்டு பெரிய மீன்தலையைப் பிளந்துகொண்டிருந்தான். பாசையூர்க்காரன். தகப்பன், தகப்பனுக்குத் தகப்பன், எல்லோரும் வலை இழுத்தவர்கள். இங்கே ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினான். வெள்ளிக்கிழமைச் சந்தையில் மீன்காரி குப்பைக்குப் போடும் தலைகளை அவன்தான் கேட்டு வாங்கி வருவான். நீர்வேலியில் சாதிக் கணக்கில் அவன் சின்னையா வீட்டுப் படலையைத் தாண்டியிருக்க மாட்டான். இங்கே அடுப்பில் நாலு தட்டு, ஒரே சுவிச்சு.

சிற்றம்பலம் விசயத்தைச் சொன்னான்.

"மீன்பிடிகாறனோ?" புஷ்பராணியின் அகப்பை சட்டிக்குள் நின்றது. "நொத்தாரிசற்ற மோன். ஆர் சொன்னது உங்களை மீன்பிடிகாறன் எண்டு?"

"நான்தான் சொன்னனான்."

"எப்ப?"

"எண்பத்தைஞ்சில."

"அப்ப நான் வந்த நாளிலயிருந்து ஒரு மீன்பிடிகாறனுக்கோ சமைச்சுப் போட்டுக்கொண்டு இருக்கிறன்?"

"அக்கா," என்றான் அம்புறோஸ், கத்தியை நிறுத்தாமல். "மீன்பிடிகாறன் ஒருத்தன் இஞ்ச நிக்கிறன்."

"உம்மைச் சொல்லேல்லை அம்புறோஸ். நீர் உண்மையான ஆள். இவர் கள்ள ஆள்."

"ஒரு சொல்லுத்தானே," என்றான் சிற்றம்பலம்.

"ஒரு சொல்லோ? புத்தகத்தில படத்தோட வரப்போகுது எண்டுறியள். எசன் ரவுணில தம்பித்துரையண்ணை வீட்டுப் பொடியனுக்கும் என்ர தங்கச்சிக்கும் கலியாணக் கதை நடக்குது. அவையின்ர கையில அந்தப் புத்தகம் போனா?"

"ஜெர்மன் புத்தகத்தை அவை எங்க வாசிக்கப் போகினம்."

"வாசிக்காயினம். படத்தைப் பாப்பினம். பாத்துப்போட்டு வாசிக்கத் தெரிஞ்ச ஆளைத் தேடிப் பிடிப்பினம். எங்கட ஆக்களைத் தெரியாதோ உங்களுக்கு?"

அம்புறோஸ் மீன்தலையின் கண்ணுக்குப் பின்னால் கத்தியை விட்டு ஒரு திருப்புத் திருப்பினான். "கலியாணம் கிடக்கட்டும் அக்கா. அண்ணை, நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. உங்கட அகதி விண்ணப்பத்தில, அந்த அன்ராக்கில, அப்பர் என்ன வேலை எண்டு எழுதினீங்கள்?"

புஷ்பராணி அகப்பையால் குழம்பைத் துழாவினாள்.

"நொத்தாரிசு," என்றான் சிற்றம்பலம்.

"நீங்கள்?"

"கிளார்க். புடைவைப் பகுதி."

"சரி. அப்ப ஆம்ற்றில ஒரு பைலில நொத்தாரிசு. செவ்வாய்க்கிழமை நீங்கள் கொண்டுபோய்க் குடுக்கிற கடிதத்தில மீன்பிடிகாறன். அவங்கள் ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாப்பாங்கள். அதுக்குத்தானே அவங்களுக்குச் சம்பளம்."

"பேந்து?" என்று புஷ்பராணி கேட்டாள்.

"பேந்தென்ன. ஆள் பொய்யன், சொன்ன கதை முழுக்கப் பொய் எண்டு எழுதிப்போட்டு பிளேன் ஏத்துவாங்கள்."

புஷ்பராணி அடுப்பைக் குறைத்தாள். ஊரில் இந்தியன் ஆமி வீதிக்கு வீதி நின்ற காலம். அவளுடைய அண்ணனைப் பிடித்துக்கொண்டுபோய் அடைத்து வைத்திருந்துவிட்டு வெளியே விட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

"நாளைக்கே முதலாளியிட்டப் போய் உண்மையைச் சொல்லுங்கோ," என்றாள்.

"சொன்னா கடிதம் தரமாட்டார்."

"சொல்லாட்டி அந்தக் கடிதமே போதும் எங்களை அனுப்ப."

"அதுதான் யோசிக்கிறன்."

"மூண்டு வரியத்துக்கு முன்னம் யோசிச்சிருக்கலாம். இப்ப புட்டைச் சாப்பிட்டிட்டு யோசியுங்கோ, ஆறப்போகுது."

அம்புறோஸ் கை கழுவினான். "விழாவில உங்களைப் பலகையில ஏத்திப் படம் பிடிக்கப் போறாங்களாம் எண்டு சொன்னீங்கள். நீந்தத் தெரியுமோ அண்ணை?"

"கீரிமலையில குளிச்சிருக்கிறன்."

"படியிலயோ?"

சிற்றம்பலம் புட்டைப் பிசைந்தான். அம்புறோஸ் சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்கியது. "எங்கட பரம்பரை ஞானம் ஒண்டு சொல்லித் தாறன். விழுந்தா வாயை மூடுங்கோ. அவ்வளவுதான்."

அடுத்த நாலு கிழமையும் சிற்றம்பலம் உண்மையைச் சொல்வதற்காகவே பட்டறைக்குப் போய் வந்தான். ஹோர்ஸ்ற் கொடிகளுக்கு ஓடர் கொடுத்துக்கொண்டு திரிந்தார். வாய் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அவர் முதுகில் தட்டி "மீனவன்" என்றார். பயத்துக்கு நடுவிலும் சிற்றம்பலத்துக்கு ஒரு விடுப்புக் கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. இத்தனை பலகை இந்த வீட்டிலிருந்து போகிறது. இந்த வீட்டில் ஒருவர்கூட ஈரத் தலையோடு வந்ததை அவன் கண்டதில்லையே, ஏன்?

பட்டறைக்குப் பின்னால் மத்தியானத்தில் பெரிய புறோமல்காம்ப் இருப்பார். கம்பனியைத் தொடங்கியவர், ஹோர்ஸ்ற்றின் தகப்பன். எழுபத்தெட்டு வயது, ஒரு தொப்பி, ஒரு கிழட்டு நாய். ஈரல் பூசிய பாணை மூன்றாக வெட்டி ஒரு துண்டை நாய்க்குக் கொடுப்பார். சிற்றம்பலம் தன் சாப்பாட்டுப் பெட்டியோடு பக்கத்தில் போய் இருந்தான்.

"பெரிய முதலாளி, ஏன் கடல்?"

"கடல் இல்லை," என்றார் கிழவர். "பன்றி விலை விழுந்தது. தொட்டி வாங்க ஆளில்லை."

"பலகை எப்படி?"

"எழுபத்துநாலில் ஒரு ஒல்லாந்துக்காரன் வந்தான். வெடித்த பலகை ஒன்றைத் திருத்தித் தரச் சொன்னான். திருத்தினேன். கொடுக்கிறதுக்கு முதல் அச்சு எடுத்துக்கொண்டேன்."

"அவனுக்குத் தெரியுமா?"

"கேட்கவில்லை."

"அம்மையார் இதை எழுதினாரா?"

"அவளும் கேட்கவில்லை."

சிற்றம்பலம் இடியப்பத்தைப் பிய்த்தான். பிறகு அந்த மற்றக் கேள்வியையும் கேட்டான். "முதலாளி ஹோர்ஸ்ற் ஏன் பலகை ஓட்ட ஏரிக்குப் போவதில்லை?"

கிழவர் நாயைப் பார்த்தார். "வேலை அதிகம்." பாணை மென்று முடித்துவிட்டு அவர் கேட்டார். "உன் தகப்பன் எப்படிப்பட்ட படகு வைத்திருந்தான்?"

நாலு கிழமையாகச் சொல்லாமல் வைத்திருந்தது வெளியே வந்தது. "படகு இல்லை. அப்பா நொத்தார். நான் துணிக்கடையில் கிளார்க். கையால் துணி பார்க்கிற வேலை."

கிழவர் பாண் தூளைத் தட்டினார். "தேய்ப்பு வேலைக்கு மூன்று வருடத்தில் பதினாலு பேர் வந்தார்கள். கடிக்குது என்று போனார்கள். உனக்குக் கடிக்கவில்லையா?"

"கடிக்குது."

"ம்," என்று எழும்பி நாயோடு போய்விட்டார். தான் சொன்னது அவருக்கு விளங்கியதா, அவர் மகனுக்குச் சொல்லுவாரா, ஒன்றும் சிற்றம்பலத்துக்குத் தெரியவில்லை.

ஆவணிச் சனிக்கிழமை மோனே ஏரிக்கரை முழுக்கக் கொடி. தீயணைப்புப் படையின் வாத்தியக் குழு ஊதியது. பியர் பீப்பாவுக்கு முன்னால் நகர சபைக்காரர் வரிசையில் நின்றார்கள். புஷ்பராணி நீலச் சேலையும் அதற்குமேல் கம்பளிச் சட்டையும் போட்டு, எவர் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து நின்று எல்லோர் கண்ணிலும் பட்டாள். அவளுக்குப் பக்கத்தில் அம்புறோஸ் ஒரு கையில் சோசேஜோடு நின்றான். மலர்கள் முந்நூறு, பெட்டிக்குள் இருந்தன. இங்கெபோர்க் அம்மையார் முதல் பக்கத்தை ஒலிபெருக்கியில் வாசித்தார். உப்புத் தண்ணீர் என்ற வரி வந்தபோது வாத்தியக் குழு தவறுதலாக ஒருமுறை முழங்கியது.

பொன்விழாவுக்கென்று செய்த பலகையில் இரண்டு பேர் நிற்கலாம், காற்றுப் பிடிக்க இரண்டு பாய்மரம். அடியில் மீன்செட்டை போல நீளமான தகடு ஒன்று செங்குத்தாக இறங்கி நிற்கும். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் கமராவைத் தூக்கினார்.

"முதலாளியும் மீனவரும். சேர்ந்து. தயவுசெய்து."

ஹோர்ஸ்ற் புத்தம்புது ரப்பர் உடுப்பில் இருந்தார். மடித்து வைத்த கோடுகள் இன்னும் நெஞ்சில் தெரிந்தன. சிற்றம்பலத்துக்கும் ஒன்று மாட்டியிருந்தார்கள்.

"நீ முன்னால்," என்றார் ஹோர்ஸ்ற் மெதுவாக. "நீ தெரிந்த ஆள்."

"இல்லை, நீங்கள் முன்னால். நீங்கள் முதலாளி."

"இல்லை இல்லை. நீ விருந்தாளி."

"அது மரியாதை இல்லை."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஏறினார்கள். எவரோ பின்னால் தள்ளிவிட்டார்கள். காற்றுப் பிடித்தது. பலகை சில மீற்றர் பெருமையாகப் போயிற்று. கரையில் கை தட்டினார்கள். சிற்றம்பலத்துக்கு ஒரு கணம், தன் கையால் தடவிய பலகையின்மேல் தானே நிற்பது நல்லாய்த்தான் இருந்தது. அடுத்த கணம் பலகை எதிலோ தட்டி நின்றது. அவர்கள் நிற்கவில்லை.

சிற்றம்பலம் அம்புறோஸ் சொன்னபடி வாயை மூடினான். கண்ணையும் சேர்த்து மூடினான். தண்ணீர் காதுக்குள் போயிற்று. கையில் அகப்பட்டதைப் பிடித்தான். அது ஹோர்ஸ்ற்றின் கழுத்து. அவருடைய கையும் அவனுடைய கழுத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தது.

"என்னை விட்டுவிடாதே," என்றார் ஹோர்ஸ்ற். "எனக்கு நீந்தத் தெரியாது. ஒருநாளும் தெரிந்ததில்லை. இதை யாரிடமும் சொல்லிவிடாதே."

மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவர் அவனோடு முழு வாக்கியங்களில் கதைத்தார்.

"நானும் மீனவன் இல்லை," என்றான் சிற்றம்பலம், வாய்க்குள் ஏரியோடு. "அப்பா நொத்தார். மன்னியுங்கள்."

"என்ன?"

"நொத்தார். நான் துணிக் கிளார்க்."

"கடவுளே, பிடித்துக்கொள்."

கரையில் அம்புறோஸ் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினான். தண்ணீரை ஒருமுறை பார்த்தான். பிறகு சப்பாத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டு சோசேஜைக் கடித்தான். பெரிய புறோமல்காம்ப்தான் தொப்பியை நாயின் முன்னால் வைத்துவிட்டு வந்தார். ஒருவனை இடக்கையாலும் மற்றவனை வலக்கையாலும் ரப்பர்க் கழுத்தில் பிடித்து, தொட்டி இழுக்கிற மாதிரிக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தார். கமரா விடாமல் தட்டிக்கொண்டே இருந்தது.

துவாயைப் போர்த்துக்கொண்டு மூன்று பேரும் கூடாரத்துக்குள் இருந்தார்கள். புஷ்பராணி வந்து தன் கம்பளிச் சட்டையால் புருசனின் தலையைத் துவட்டினாள். ஏசவில்லை. அவனுக்குப் பயமாக இருந்தது.

"கடிதம்," என்றார் கிழவர்.

இங்கெபோர்க் அம்மையார் கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கிழவர் இரண்டு பக்கத்தையும் வாசித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, கம்பனித் தாள் ஒன்று கேட்டு, கையால் எழுதினார். அவருடைய எழுத்து தொட்டி அளவு குறிக்கிற எழுத்து.

'இந்த வேலை நாறும், கடிக்கும். மூன்று வருடத்தில் பதினாலு ஜெர்மன்காரர் வந்து போனார்கள். இவர் போகவில்லை. முன்பு துணிக்கடையில் வேலை செய்தவர். பள்ளத்தைக் கையால் கண்டுபிடிப்பார். எங்களிடம் வேறு ஆள் இல்லை.'

"அப்பா, இதில் கடலே இல்லையே," என்றார் அம்மையார்.

"இல்லை," என்றார் கிழவர். மகனிடம் பேனையை நீட்டினார். ஹோர்ஸ்ற் சிற்றம்பலத்தைப் பார்த்தார். சிற்றம்பலம் தன் பெருவிரலைப் பார்த்தான். ஒருவர் மற்றவரின் வாயை எவ்வளவு நம்பலாம் என்று இரண்டு பேரும் கணக்குப் பார்த்து முடித்தார்கள். ஹோர்ஸ்ற் கையெழுத்து வைத்தார். ஒரு துளி ஏரித் தண்ணீர் மையில் விழுந்து புறோமல்காம்பின் கடைசி எழுத்தைக் கலக்கியது.

முந்நூறு மலரிலும் பதினோராம் பக்கத்தின்மேல் தீயணைப்புப் படையின் வாழ்த்துச் செய்தி ஒட்டப்பட்டது. ஞாயிறு முழுக்க இருந்து ஒட்டியவன் சிற்றம்பலம். பக்கத்தில் இருந்து பசை தடவியவள் புஷ்பராணி. ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் அழுத்தி, காற்றுக் குமிழ் இல்லையென்று பார்த்துத்தான் அவன் அடுத்ததை எடுத்தான்.

செவ்வாய்க்கிழமை அதிகாரி பைலைத் திறந்தார். தகப்பன் நொத்தார், மகன் புடைவைக் கிளார்க். கடிதத்தைப் பக்கத்தில் வைத்தார். துணிக்கடை. விரலை ஒரு வரியிலிருந்து மற்ற வரிக்கு இரண்டு தடவை நடத்தினார். "உண்மையில் அவ்வளவு கடிக்குமா?" என்று கேட்டார். சிற்றம்பலம் சட்டைக் கையை மடித்துக் காட்டினான். அதிகாரி கதிரையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு முத்திரையைக் குத்தினார். இரண்டு வருடம்.

புதன்கிழமை பத்திரிகை வந்தது. முதற் பக்கத்தில் நாலு பத்திக்குப் படம், 'ஐம்பதாம் ஆண்டில் நீரோடு உயிர்ப் போராட்டம்' என்ற தலைப்பு. மீனவன் என்ற சொல் எங்கேயும் இல்லை. புஷ்பராணி வரிவரியாக அம்புறோசைக் கொண்டு தேடுவித்துவிட்டுத்தான் மூச்சு விட்டாள். பின்னேரம் ஹைமின் பொதுத் தொலைபேசியில் எசனிலிருந்து தம்பித்துரையண்ணை வந்தார். சம்பந்தத்தில் தங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்றார். பத்திரிகை தங்களுக்கும் கிடைத்தது, படம் வலு தெளிவு என்றும் சொன்னார்.

படத்தில் பெரிய புறோமல்காம்ப் நடுவில் நிமிர்ந்து நின்றார். தண்ணீர் அவருடைய முழங்காலுக்குக் கீழே நின்றது.